ஒன்பது டேங்க்குகளும் ஒரு நோயாளியும்

எல்ம்ஹர்ஸ்ட், சஸ்காச்சுவான்
செப்டம்பர் 19, சனிக்கிழமை

கால்நடை வைத்தியத்திலிருந்து ஓய்வு பெற்றும், அடுத்தவருக்கு ஆலோசனை வழங்கும் உத்தியோகத்திலிருந்து இன்றுவரை ஓய்வு பெறாத, லெத்பிரிட்ஜ் நகரவாசி, என் மனைவியின் மூத்த அண்ணன் ஓரெஸ்ட் கோவல்சுக் அவர்களின் சமூகத்துக்கு, தங்கை புருஷன் ஆர்வில் ஹாகன் பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் மிர்னாவும் நலம். அதாவது மிர்னா நலம். நான் நலமா இல்லையா என்பதை இந்த வட்டாரமே கூடி ஆராய்ந்து, நலமில்லை என்று ஏகமனதாக முடிவு செய்துவிட்டது. என்னை யாரும் கேட்கவில்லை. அங்கு தாங்களும், ஷெர்லி அக்காவும், தங்கள் இரண்டு புது முழங்கால்களும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டு போன் சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கிறது; சமையலறையில் தங்கள் தங்கை இருக்கிறாள். என் கைபோன் தானியக் குதிருக்குள் விழுந்து ஒரு வாரம் ஆகிறது. யாராவது கூப்பிட்டால் குதிர் பாடுகிறது. ஆகவே கடிதம் எழுதுகிறேன்.

விஷயம், தாங்கள் ஏப்ரல் மாதம் எழுதியருளிய பதினொரு பக்கக் கடிதத்தில் ஆரம்பிக்கிறது. வயலில் நிற்கும் அறுவடை மிஷினுக்கு டீசல் கொண்டுபோக, பிக்கப் வண்டியின் பின்பெட்டியில் எந்த மாதிரி டேங்க் வைக்கலாம் என்று ஈஸ்டர் சாப்பாட்டின்போது ஒரு வரி கேட்டேன். உப்பை இந்தப் பக்கம் தள்ளுங்கள் என்று கேட்கிற தோரணையில்தான் கேட்டேன். தாங்கள் உப்பளத்தையே தபாலில் அனுப்பிவிட்டீர்கள். அலுமினியம்தான் உசத்தி, இரும்பு துருப்பிடிக்கும். இருநூறு லிட்டர் போதும், அதற்குமேல் பேராசை. நானூற்றைம்பதைத் தாண்டினால் சட்டம் வேறு. உள்ளே தடுப்புத் தகடு இல்லாவிட்டால் டீசல் அலைபாய்ந்து வளைவில் வண்டியையே இழுத்துப் போட்டுவிடும். பம்பு பேட்டரியில் ஓட வேண்டும், கையால் சுற்றுவது காட்டுமிராண்டித்தனம். வாழ்நாளெல்லாம் மாட்டின் வாலுக்கடியில் வேலை பார்த்த ஒருவருக்கு டேங்க் சாஸ்திரம் இவ்வளவு தெரிந்திருப்பது நம் குடும்பத்துக்கே பெருமை. ஏழாம் பக்கத்தில் படம்கூட வரைந்திருந்தீர்கள். அதை நான் முதலில் சினைப்பசு என்று நினைத்துவிட்டேன். ஒன்றை மட்டும் மனம் திறந்து சொல்கிறேன். தாங்கள் அலுமினியம் என்று எழுதாமல் இருந்திருந்தால் மே மாதமே அலுமினியம் வாங்கியிருப்பேன்.

பழைய டேங்க்கைத் தாங்கள் பார்த்திருக்கிறீர்கள். இருபத்தேழு வருஷம் உழைத்தது. போன அறுவடையில் அதன் அடித்தையல் விட்டுப்போய்ச் சொட்டுச் சொட்டாக ஒழுக ஆரம்பித்தது. ஒழுகினால் ஒழுகட்டும் என்று நான் இருந்தேன். ஆனால் மிர்னா நாற்பத்தொரு வருஷமாக அறுவடைக் காலத்துச் சாயங்காலச் சாப்பாட்டை அதே பின்பெட்டியில், டேங்க்குக்குப் பக்கத்தில் வைத்துத்தான் வயலுக்குக் கொண்டுவருகிறாள். பின்கதவை இறக்கி, அதன்மேல் பாத்திரங்களைப் பரப்பி, எல்லோரும் நின்றபடி சாப்பிடுவோம். அன்றைக்கு, தங்கள் அம்மா கைப்பக்குவத்தில், முட்டைக்கோஸ் இலையில் அரிசி வைத்துச் சுருட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஒரு வாய் வைத்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. பக்கத்து வயல் கார்னெட் ஃப்ரீசன், மரியாதை தெரிந்த மனிதர், இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "இந்தத் தடவ வாசன கொஞ்சம் தூக்கலா இருக்கு மிர்னா" என்றார். மிர்னா குனிந்து மோந்து பார்த்தாள். பாத்திரத்தோடு தூக்கி வரப்பில் கொட்டினாள். அந்த இடத்தில் இந்த வருஷம் புல்கூட முளைக்கவில்லை.

கொட்டிய கையோடு எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "இங்க பாருங்க. புது டேங்க் வர்ற வரைக்கும் நான் இந்த வயல்ல கால் வைக்கமாட்டேன். மிஷின் ஓட்டமாட்டேன், சாப்பாடு கொண்டாரமாட்டேன், டீசல் கேன் தூக்கமாட்டேன். அடுத்த அறுவடைக்கு அந்த வண்டியில புது டேங்க் இருக்கணும். இல்லன்னா நீங்களாச்சு உங்க கோதுமையாச்சு." ஒரு டேங்க் வாங்க ஒரு முழு வருஷம் அவகாசம். உலகத்தில் எந்தப் புருஷனுக்கும் இதைவிடச் சுலபமான பரீட்சை வைக்கப்பட்டிருக்காது. அதில் நான் தேறவில்லை.

தேறாததற்கு முதல் காரணம் தாங்கள். இரண்டாவது காரணம் கூட்டுறவுக் கடையின் காபி மேசை. காலை பத்து மணிக்கு அங்கே ஏழு பேர் உட்காருகிறோம். என்னைத் தவிர்த்து ஆறு பேர் வண்டியிலும் ஆறு விதமான டேங்க். அவரவர் டேங்க்கைப் பற்றி அவரவர் பேசுவதைக் கேட்டால், பெண்டாட்டியைப் பற்றி இப்படி நாலு வார்த்தை பேசியிருந்தால் இவர்கள் வீட்டில் எவ்வளவு நிம்மதி இருந்திருக்கும் என்று தோன்றும். "எல் வடிவத்துல வாங்கு ஆர்வில், மேல டூல்ஸ் பெட்டி வச்சுக்கலாம்" என்பார் கார்னெட். "எல் வடிவமா? அப்புறம் சாப்பாட்டுப் பாத்திரத்த மிர்னா மடியிலயா வச்சுக்குவா?" என்பார் ஒருவர். "இரும்புதான்யா டேங்க்கு. அலுமினியத்த ஒரு காளை முட்டினா போச்சு" என்பார் இன்னொருவர். "பின்பெட்டிமேல காளை எதுக்குய்யா ஏறுது?" "ஏறாதுன்னு எழுதிக் குடுப்பியா?" இந்த அளவில் பிப்ரவரி முதல் ஆகஸ்ட் வரை விவாதம் நடந்தது. காளை ஏறுமா ஏறாதா என்பதே இன்னும் தீரவில்லை.

சரி, கடைகளிலேயே போய்ப் பார்த்துவிடுவோம் என்று கிளம்பினேன். ஐந்து கடை. ஒன்று கனம் அதிகம், நிரப்பினால் என் வண்டியின் முன்சக்கரம் வானத்தைப் பார்க்கும். ஒன்று லேசு, காற்றடித்தால் கார்னெட் வயலில் போய் விழும். ஒன்று உயரம், பின்கண்ணாடியை மறைக்கும். ஒன்று தட்டை, வண்டி சாய்ந்து நின்றால் கடைசி நாற்பது லிட்டரை உறிஞ்சாது. ஒன்றின் மூடிக்குப் பூட்டு இல்லை, இன்னொன்றின் பூட்டுக்குச் சாவி இல்லை. இது போகட்டும். எல்லா டேங்க்கிலும் பொதுவாக ஒரு முட்டாள்தனம் இருக்கிறது. தங்கள் பதினொரு பக்கத்தில் அதைப்பற்றி அரை வரி கிடையாது. பம்பு, குழாய், மூடி எல்லாவற்றையும் டேங்க்கின் தலையில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். டீசல் அடிக்க வேண்டுமென்றால் மனிதன் பின்பெட்டிமேல் ஏறியாக வேண்டும். இதை வரைந்தவன் தன் நாற்காலியைவிட்டு எழுந்தே பழக்கமில்லாதவன். கூட்டுறவுக் கடையில் விற்பனைக்கு நிற்கும் டாரீனிடம் இதைச் சொன்னேன்.

"எல்லாரும் ஏறித்தான் அடிக்கிறாங்க, அண்ணே" என்றாள்.

"எல்லாரும் செஞ்சா சரியாயிடுமா?"

"நீங்களும் இத்தன வருஷமா ஏறித்தானே அடிச்சீங்க?"

"அது வேற டேங்க்."

அவள் விலைப்பட்டியலை மூடி வைத்துவிட்டாள். வியாபாரம் தெரியாத பெண்.

போன திங்கட்கிழமை கோதுமை தயாரானது. பழையதைக் கழற்றிப் போட்ட பின்பெட்டி காலியாக இருந்தது. மிர்னா சொன்ன சொல் தவறாதவள். பெட்டியைக் கட்டிக்கொண்டு, காரை எடுத்துக்கொண்டு, ரெஜைனாவில் இருக்கும் தங்கள் சித்தி மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது கதவை ஓங்கிச் சாத்தவில்லை. மெதுவாகச் சாத்தினாள். அதுவே எனக்கு உறைத்தது. சரி, ஒரு பெண்பிள்ளை இல்லாவிட்டால் அறுவடை நடக்காதா என்று நான் தனியாகவே மிஷினில் ஏறி, நெடுஞ்சாலையோரம் இருக்கிற அறுநூற்று நாற்பது ஏக்கரில் இறங்கினேன். டீசல் முள் பாதி என்று காட்டியது. அது எட்டு வருஷமாகவே பாதி என்றுதான் காட்டுகிறது. சாயங்காலம் நாலு மணிக்கு மிஷின் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. நின்ற இடம் எது தெரியுமா? சாலையில் போகிற ஒவ்வொருவர் கண்ணிலும் படுகிற நட்ட நடு வயல். ஒரு சொட்டு டீசல் இல்லாமல் ஓடியதால் குழாயெல்லாம் காற்று வேறு புகுந்துவிட்டது. கேனில் கொண்டுபோய் ஊற்றலாம் என்றால், அதன் வயிறு நிறைய நாற்பது நடை நடக்க வேண்டும். டேங்க் வாங்கிய பிறகுதான் இனி இந்த மிஷினுக்கு டீசல் என்று சபதம் செய்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன். அரை மைல்தான். ஒரு மணி நேரம் ஆனது. காட்சியை ரசித்துக்கொண்டு வந்தேன்.

செவ்வாயும் புதனும் சமையலறை மேசையில் டேங்க் விளம்பரப் புத்தகங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, இந்தத் தடவை முடிவெடுக்காமல் எழுந்திருப்பதில்லை என்று உட்கார்ந்தேன். காபி மேசை ஆட்கள் தேடிக்கொண்டு வந்து யோசனை சொல்லிவிடக் கூடாது என்று பிக்கப்பைக் கொட்டகைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். சவரம் செய்யவில்லை. ஓட்ஸ் கஞ்சி மூன்று வேளை. இதெல்லாம் ஒரு மனிதன் தீவிரமாக யோசிக்கிறான் என்பதற்கு அடையாளம். ஆனால் ஊர் எப்படி எடுத்துக்கொண்டது பாருங்கள். பத்து வருஷத்தில் வராத அறுவடை வெயில். ஆர்வில் ஹாகனின் மிஷின் நடு வயலில் மூன்று நாளாக அசையாமல் நிற்கிறது. அவன் வண்டியைக் காணவில்லை. பெண்டாட்டி காரைக் காணவில்லை. பத்து மணிக் காபிக்கு ஆள் வரவில்லை. இந்த நாட்டில் ஒரு விவசாயி இப்படி மிஷினை விட்டுவிட்டுப் போவதற்கு இரண்டே காரணங்கள்தான் உண்டு. அதில் ஒன்று சாவு; அதற்குத் தேவாலயத்தில் மணி அடித்துப் பிரார்த்தனை வைத்திருப்பார்கள். ஆகவே இன்னொன்றுதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பார்த்தால், சாலையில் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு வரிசையாக அறுவடை மிஷின்கள். எண்ணினேன், ஒன்பது. பின்னால் தானிய லாரிகள், பிக்கப்புகள், கடைசியில் பெண்கள் மூடிபோட்ட பாத்திரங்களோடு. யாருக்கோ உடம்பு முடியவில்லைபோல, பாவம், அறுவடை செய்து கொடுக்கப் போகிறார்கள், நாமும் போக வேண்டும் என்று தொப்பியைத் தேடினேன். வரிசை என் வாசலுக்குத் திரும்பியது.

கதவைத் திறந்தால் கார்னெட் நிற்கிறார். பின்னால் அவர் மனைவி வெர்னா. கார்னெட் தொப்பியைக் கழற்றினார். நாற்பது வருஷப் பழக்கத்தில் அந்த மனிதருடைய வழுக்கையை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"ஒண்ணும் பேசாத ஆர்வில். போய்ப் படு."

"எதுக்கு படுக்கணும்?"

"எல்லாம் நாங்க பாத்துக்கிறோம். சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிரும்."

"கார்னெட், எனக்கு ஒண்ணும் இல்லப்பா. டேங்க் வாங்கல. அவ்வளவுதான்."

கார்னெட் மெல்லத் திரும்பி வெர்னாவைப் பார்த்தார். "பேச்சு கொஞ்சம் குழம்புது" என்றார், நான் அங்கே இல்லாத மாதிரி. வெர்னா ஒரு காலத்தில் நர்ஸ் வேலை பார்த்தவள். என் பக்கத்தில் வந்து, பால்வாடிக் குழந்தையிடம் பேசுகிற குரலில், "அண்ணே, இன்னிக்கு என்ன கிழமன்னு சொல்லுங்க பாப்போம்" என்றாள். அறுவடைக் காலத்தில் கிழமை எந்த விவசாயிக்கு ஞாபகம் இருக்கும்? செவ்வாய் என்றேன். வெர்னாவின் கண் கலங்கிவிட்டது. பாத்திரத்தைக் கார்னெட்டிடம் கொடுத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் உண்மையைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை மச்சான். டீசல் முள் பழுது என்றேன். காளை விவாதம் என்றேன். முடிவெடுப்பதற்காக வண்டியை ஒளித்து வைத்தேன் என்றேன். சொல்லச் சொல்ல அவர்கள் முகம் இருண்டுகொண்டே போனது. பதினோராம் பக்கத்தில் என் மச்சான் எழுதியிருக்கிறார் என்று நான் ஆரம்பித்தபோது இரண்டு பேர் என் இரண்டு பக்கமும் வந்து கைத்தாங்கலாகப் பிடித்து அழைத்துப்போய்ப் படுக்கையில் கிடத்தினார்கள். ஒருவர் என் செருப்பைக் கழற்றினார். இனிமேல் எப்படி எழுந்து வெளியே வருவது?

ஆகவே படுத்தபடியே, ஜன்னல் திரையை ஒரு விரல் அகலம் விலக்கி, பறவை பார்க்க வைத்திருக்கிற தொலைநோக்கியில் என் அறுவடையைப் பார்த்தேன். அங்கேதான் விதி என்னைப் பார்த்துச் சிரித்தது. ஒன்பது மிஷின்களுக்கும் டீசல் கொடுக்க ஒன்பது பிக்கப்புகள் வந்திருந்தன. ஒன்பது பின்பெட்டிகளில் ஒன்பது டேங்க்குகள். அலுமினியம், இரும்பு, எல் வடிவம், தட்டை, உயரம். ஒரு வருஷமாக நான் ஊர் ஊராகத் தேடிப்போய்ப் பார்த்ததெல்லாம் என் வீட்டு வாசலில் வரிசை கட்டி நிற்கிறது. குறிப்பு எடுத்தேன். தாங்கள் போற்றும் இருநூறு லிட்டர் அலுமினியம் மத்தியானத்துக்கு முன்பே காலியாகி, அதன் சொந்தக்காரர் மூன்று தடவை ஊருக்கு ஓடினார் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். கார்னெட்டுக்கு எழுபத்திரண்டு வயது. ஒரு கையைப் பின்கதவில் ஊன்றி, ஒரே எட்டில் மேலே ஏறுகிறார். இறங்குகிறார். மறுபடி ஏறுகிறார். யாருக்கு வித்தை காட்டுகிறாரோ தெரியவில்லை. அதற்குமேல் அவர் டேங்க்கைப் பார்க்கப் பிடிக்காமல் வேறு டேங்க்கைப் பார்த்தேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு அறுநூற்று நாற்பது ஏக்கரும் முடிந்தது. என் மிஷினுக்கும் டீசல் ஊற்றி, குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றி, ஓட்டிக்கொண்டு வந்து கொட்டகையில் நிறுத்தி, கூட்டிப் பெருக்கியும் விட்டுவிட்டார்கள். பிறகு முற்றத்தில் ஒன்பது வண்டிகளின் பின்கதவுகளும் இறங்கின. மூடிகள் திறந்தன. கோழி வாசனை, வெங்காயம் வதக்கிய வாசனை, காபி வாசனை. எனக்கு ஒரு தட்டில் பத்தியமாக, உப்பில்லாத உருளைக்கிழங்கு மசியலும், காரட் மிதக்கிற பச்சை ஜெல்லியும் வந்தது. வெளியே அவர்கள் நின்றபடி சாப்பிடுகிற சத்தம், யாரையோ யாரோ கேலி செய்கிற சத்தம், எல்லோரும் சேர்ந்து சிரிக்கிற சத்தம். என் வயலில் விளைந்த கோதுமைக்கு, என் வாசலில் நடந்த சாப்பாட்டில் நான் இல்லை. அறுபத்தொன்பது வயதில் இதற்கெல்லாம் அழக் கூடாது. ஜெல்லியைப் பார்த்து அழுததாக வைத்துக்கொள்ளுங்கள்.

நேற்று மிர்னா வந்துவிட்டாள். மொத்தக் கதையையும் சொன்னேன். அவள் திட்டுவாள், ஊரைக் கூட்டிச் சிரிப்பாய்ச் சிரிக்க வைத்தீர்களே என்று குதிப்பாள் என்று தயாராக இருந்தேன். ஒரு வார்த்தை திட்டவில்லை. "சாப்பிட்டீங்களா" என்று மட்டும் கேட்டுவிட்டு, என் தலைமுடியைக் கோதிவிட்டுப் போனாள். கல்யாணமாகி நாற்பத்தொரு வருஷத்தில் இப்படி நடந்ததில்லை. இந்த வாரத்திலேயே என்னை நிஜமாகப் பயமுறுத்திய சம்பவம் இதுதான்.

இனி என் சிக்கலைக் கேளுங்கள். அக்டோபர் பதினெட்டாம் தேதி தேவாலயக் கூடத்தில் வான்கோழி விருந்து. வட்டாரமே வரும். என் பெயர் பிரார்த்தனைப் பட்டியலில் ஏறிவிட்டது, கொட்டை எழுத்தில். நான் அங்கே போய் நின்றாக வேண்டும். நோயாளியாகப் போனால் ஆயுசுக்கும் உப்பில்லாத மசியல். அடுத்த வருஷம் நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டு ஆள் வரும். இப்போதே ஒருவர் "மெதுவா யோசிச்சுச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். உண்மையைச் சொன்னால், ஒரு டேங்க் வாங்கத் தெரியாமல் ஒன்பது வீட்டு அறுவடையை நிறுத்தி வைத்த மடையன் என்று என் கல்லறையில்கூட எழுதுவார்கள். நோயாளியா, மடையனா? இந்த நிலத்தை நானே உழுது நானே அறுக்கிறவன் என்ற பெயர் ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது. அது போய்விட்டால் அப்புறம் நான் யார் என்று எனக்கே தெரியாது.

ஆகவே தங்களிடம் ஒரு உதவி. தாங்கள் வைத்தியர். எனக்கு ஒரு வியாதியின் பெயர் எழுதி அனுப்புங்கள். திடீரென்று வந்து, சரியாக மூன்று நாள் இருந்து, தடமே இல்லாமல் போய்விடுகிற வியாதியாக இருக்க வேண்டும். வந்த மூன்று நாளும் ஆள் உளற வேண்டும், குறிப்பாக டேங்க் பற்றி. போன பிறகு முன்னைவிடத் திடமாக இருக்க வேண்டும். தொற்றக் கூடாது, அசிங்கமாக இருக்கக் கூடாது, விருந்தில் போடுகிற பெர்ரி பை பலகாரம் சாப்பிட எந்தத் தடையும் கூடாது. மாட்டுக்கு வருவதாக இருந்தாலும் எனக்குச் சம்மதம். கொம்பு சம்பந்தப்பட்டதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். தங்கள் பழைய கிளினிக் தாளில் எழுதினால் வெர்னா கேள்வி கேட்கமாட்டாள்.

டேங்க் விஷயத்திலும் ஒரு வழியாக முடிவெடுத்துவிட்டேன். இரும்பு. நானூறு லிட்டர். கையால் சுற்றுகிற பம்பு. தாங்கள் வேண்டாம் என்று எழுதிய மூன்றும் ஒரே டேங்க்கில் கிடைக்கும் என்று டாரீன் சொல்லியிருக்கிறாள். அடுத்த வாரம் போய் எடுத்து வருவேன். தங்கள் கடிதம் இந்த அளவுக்காவது பயன்பட்டது என்று தாங்கள் திருப்தி அடையலாம்.

ஷெர்லி அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு ஆசி. தங்கள் முழங்கால்கள் நூறாண்டு மடங்கி நிமிரட்டும். தங்கள் ஆலோசனைகள் ஓயாமல் பெருகட்டும். அவற்றில் ஒன்றையும் கேட்காமல் இருக்க எனக்கும் அதே அளவு ஆயுள் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
பூரண ஆரோக்கியத்துடன் படுத்திருக்கும்,
ஆர்வில் ஹாகன்

பி.கு.: இதில் ஒரு எழுத்துகூட மிர்னாவுக்குத் தெரியாது. உறையை நன்றாக ஒட்டித் தபால்தலைக்காக மேசைமேல் வைக்கிறேன். தாங்களும் வாய் திறக்க வேண்டாம்.

ஓரெஸ்ட் அண்ணாவுக்கு மிர்னா எழுதுவது. உறையைக் கெட்டில் ஆவியில் காட்டித் திறந்தேன். மறுபடி ஒட்டிவிடுவேன்.

அவர் எழுதியிருப்பதெல்லாம் அவர் பார்த்தவரைக்கும் உண்மைதான். வசந்த காலத்திலிருந்தே அவருக்கு இடது கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மிஷினில் ஏற இரண்டு பக்கமும் கைப்பிடி இருப்பதால் சமாளிக்கிறார். பிக்கப்பில் கைப்பிடி இல்லை. ஜூலையில் டாரீன் எனக்கு போன் செய்தாள். கடையில் ஒரு டேங்க்கைப் பார்க்கிறேன் என்று வண்டியின் பம்பரில் ஒரு காலை வைத்தாராம். மேலே ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. கால் மணி நேரம் அப்படியே நின்று டேங்க்கில் ஒட்டியிருந்த எச்சரிக்கைச் சீட்டைப் படித்துக்கொண்டிருந்தாராம், இங்கிலீஷ், பிரெஞ்சு இரண்டு மொழியிலும். இவள் பக்கத்து அலமாரியைத் துடைக்கிற மாதிரி ஒரு முக்காலியைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டாளாம். அதற்கப்புறம் அவர் எந்த டேங்க்கைப் பார்த்தாலும் குற்றம் சொல்கிறார்.

நான் கோபித்துக்கொண்டு ரெஜைனா போகவில்லை. அங்கே நரம்பு டாக்டரிடம் சீக்கிரம் தேதி தரச் சொல்லி, மூன்று நாள் அந்த வாசலில் உட்கார்ந்திருந்தேன். செவ்வாய்க்கிழமை வெர்னா போனில் கூப்பிட்டு, மிஷின் நடு வயலில் நிற்கிறதே என்று கேட்டபோது, "அவருக்கு உடம்பு முடியல, நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாதீங்க" என்று சொன்னதும் நான்தான். அவர் வாய் திறந்து யாரையும் உதவி கேட்கமாட்டார், உனக்கே தெரியும். ஊர் தானாகத் தப்பாக நினைத்துக்கொண்டது என்றே அவர் நினைத்துக்கொண்டிருக்கட்டும்.

அக்டோபர் ஆறாம் தேதிக்கு டாக்டர் தேதி கொடுத்திருக்கிறார். நான் கூப்பிட்டால் வரமாட்டார். அவர் கேட்டபடி வியாதிப் பெயர் எதுவும் அனுப்பிவிடாதே அண்ணா. உங்களுக்கு ஒரு குறையும் இல்லை, எல்லாம் மனப்பிரமை, எந்த டாக்டரிடமும் போக வேண்டாம், போனால் காலம்தான் வீண் என்று எழுது. பதினொரு பக்கம் எழுது. நீ தப்பு என்று நிரூபிக்க அன்றைக்குக் காலையிலேயே கிளம்பி என்னை அவசரப்படுத்துவார்.

ஆனால் கையால் எழுதாதே. டைப் அடித்து அனுப்பு. கவலையில் உன் எழுத்து கொஞ்சம் நடுங்கியிருந்தாலும் அவர் கண்டுபிடித்துவிடுவார்.